உயிர் கேட்கிறது, மெய் கேட்கவில்லை

கேள்வி: ஐயா, வணக்கம். எனக்கு வயது 62. சோமனூர் பக்கம் 36 வருடம் தறி ஓட்டினேன். இப்போது பையன் பார்த்துக்கொள்கிறான். நாலு வருடமாக இரண்டு காதிலும் சில்வண்டு கத்துவதுபோல ஒரே இரைச்சல். யாராவது பேசினால் சத்தம் கேட்கிறது, சொல் பிடிபடுவதில்லை. போன தை மாதம் பத்து நாள் விபாசனா தியான முகாமுக்குப் போய் வந்தேன். காதும் அநித்தியம், நிலையில்லாதது, அதில் விழும் ஓசையும் அநித்தியம் என்று அங்கே மனதில் பட்டது. ஆனால் அந்த அமைதியில் என் இரைச்சல் மூன்று மடங்கு ஆகிவிட்டது. எல்லாமே அநித்தியம் என்றால் இது மட்டும் ஏன் போக மாட்டேன் என்கிறது? பையன் காது மெஷின் வாங்கிக் கொடுத்திருக்கிறான். போகிற காதை இழுத்துப் பிடிப்பது பற்றுதானே என்று பீரோவில் வைத்துவிட்டேன். வீட்டில் அவங்களுக்கு இதில் ரொம்ப வருத்தம். "நான் பேசறதும் அநித்தியம்னு விட்டுட்டீங்களா?" என்று கேட்கிறார்கள். கண்ணாடி போட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். நான் செய்வது சரிதானா?

— ஒரு வாசகர், சோமனூர்

அன்புள்ள ஐயாவுக்கு,

நான் ஈரோட்டில் காது மூக்கு தொண்டை மருத்துவம் பார்க்கிறவன். பதினைந்து வருடமாகக் காலையில் ஒரு மணி நேரம் தியானத்தில் உட்காருகிறவனும்கூட. அதனால் உங்கள் கடிதம் எனக்கு இரண்டு பக்கமும் தைத்தது. முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். மெஷினை இன்றைக்கே பீரோவிலிருந்து எடுங்கள். உட்காருவதையும் விட வேண்டாம். இந்த இரண்டுக்கும் நடுவில் எந்தச் சண்டையும் இல்லை. ஏன் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

உட்செவியில் நத்தைக்கூடு மாதிரி ஒரு சுருள் இருக்கிறது. அதற்குள் ஒரு காதுக்கு ஏறக்குறைய 15,000 மயிரணுக்கள். ஓசை வந்து மோதும்போது இவை அசைந்து நரம்புக்குச் செய்தி அனுப்புகின்றன. நகம் மாதிரி, தோல் மாதிரி இவை திரும்ப முளைப்பதில்லை. 85 டெசிபெல் சத்தத்தில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் இருக்கலாம், அதற்கு மேல் 3 டெசிபெல் கூடினால் இருக்கும் நேரம் பாதியாகக் குறைய வேண்டும் என்பது தொழில் மருத்துவத்தில் சொல்லும் கணக்கு. 94 டெசிபெல் என்றால் ஒரு மணி நேரம்தான். நாடாத் தறி ஓடும் குடோனில் சத்தம் 90ஐத் தாண்டும். அதில் நீங்கள் 36 வருடம் நின்றிருக்கிறீர்கள்.

இப்படிப் போகும் காது ஒரே சீராகப் போவதில்லை. முதலில் 4000 ஹெர்ட்ஸ் என்ற உயர்ந்த அதிர்வெண் பக்கத்தில் கேட்கும் திறனில் குழி விழும், அப்புறம் அக்கம்பக்கம் பரவும். தாழ்ந்த ஓசைகள் கடைசி வரை ஓரளவு நிற்கும். பேச்சில் அ, இ, உ போன்ற உயிரோசைகள் தாழ்ந்த அதிர்வெண்ணில் பலமாக வருபவை. க், ச், ட், த் போன்ற வல்லின மெய்களின் கூர்மை மேலே, அதுவும் மெலிசாக இருக்கிறது. உங்களுக்கு மகள் வழியில் பேத்தி இருந்தால் அவள் "அப்புச்சி" என்று கூப்பிடுவாள். உங்கள் காதில் விழுவது ஏறக்குறைய "அ... உ... இ..." தான். உயிர் கேட்கிறது, மெய் கேட்கவில்லை. சத்தம் வருகிறது, சொல் பிடிபடவில்லை என்று நீங்கள் எழுதியதன் பொருள் இதுதான். பெண்கள் பேச்சும் குழந்தைகள் பேச்சும் உங்களுக்கு முதலில் நழுவியிருக்கும்.

இனி இரைச்சல். மயிரணுக்கள் போனதும் மூளைக்கு வரும் வரத்து குறைகிறது. வரத்து குறைந்ததும் மூளை தன் பக்கத்தில் ஒலியைக் கூட்டி வைத்துக்கொள்கிறது. அப்போது நரம்பின் சொந்தச் சலசலப்பே ஓசையாகக் கேட்கிறது. இன்றைக்கு மருத்துவர்களில் பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம் இது. வெளியே ஓசை இருக்கும்போது இது அதில் மறைந்துகொள்ளும். ஓசை இல்லாதபோது துருத்தி நிற்கும். 1953இல் ஹெல்லர், பெர்க்மன் என்ற இருவர் காது நன்றாகக் கேட்கும் 80 பேரைச் சத்தமே புகாத அறையில் உட்கார வைத்தார்கள். 94 சதவீதம் பேர் தங்கள் தலைக்குள் ஏதோ ஓசை கேட்டதாகச் சொன்னார்கள். ஆக, காலை நாலு மணி மணியடித்ததிலிருந்து இரவு வரை பேச்சில்லாத முகாமில் உங்கள் இரைச்சல் மூன்று மடங்கானதில் வியப்பு இல்லை. தியானம் அதைக் கெடுத்துவிடவில்லை. மூடியிருந்த போர்வை விலகியது, அவ்வளவுதான்.

"அநித்தியம் என்றால் ஏன் போகவில்லை?" என்ற கேள்விதான் உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்தது. இதைக் கேட்கத் தைரியம் வேண்டும். பலர் கேட்காமலே தலையாட்டிவிட்டு வந்துவிடுகிறார்கள்.

இதற்கான பதில் உங்கள் குடோனிலேயே இருக்கிறது. தறி ஓடும்போது, குறுக்கே ஓடும் ஊடை நூலைச் சுமந்து நாடா ஒரு நிமிடத்தில் நூறு தடவைக்கு மேல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பாய்கிறது. ஒவ்வொரு பாய்ச்சலும் ஒரு தனி அடி. வெளியே ரோட்டில் போகிறவனுக்கு அது இடைவெளி இல்லாத ஒரே இரைச்சல். உங்களுக்கு அப்படியா? பல தறி ஒன்றாக ஓடும்போதே, ஏதோ ஒன்றில் ஊடை அறுந்தால் தலையைத் திருப்பாமலே தெரிந்துவிடும் அல்லவா? அடியும் அடியும் தனித்தனி என்று உங்கள் காது பழகியிருந்தது. தறியிலிருந்து சுருண்டு இறங்கும் காடாத்துணியும் அப்படித்தான். பார்வைக்கு ஒரே பரப்பு. கிட்டே போய்ப் பார்த்தால் ஒவ்வோர் ஊடையும் தனியாக விழுந்து, அடுத்ததற்கு இடம் விட்டு நிற்கிறது.

உங்கள் காதிலுள்ள இரைச்சலும் நாலு வருடமாக அப்படியே நிற்கும் ஒரு பொருள் அல்ல. அது கணத்துக்குக் கணம் புதிதாக நெய்யப்படுகிறது. காரணம் இருக்கும் வரை நெய்து கொண்டே இருக்கும். பாவு நூல் தீராமல் தறி நிற்காது. போய்விட வேண்டும் என்பது அநித்தியத்தின் பொருள் இல்லை. வந்தது அப்படியே நிற்பதில்லை என்பதுதான் அதன் பொருள். பாலி மொழியில் உள்ள தம் பேருரைகளில் (சுத்தங்களில்) புத்தர் இதைப் பிரித்தே காட்டுகிறார். காதையும் ஓசையையும் சார்ந்து கேட்கும் அறிவு பிறக்கிறது, காதும் மாறுவது, ஓசையும் மாறுவது, மாறும் இரண்டைச் சார்ந்து பிறந்த அறிவு எப்படி நிலைத்திருக்கும் என்று கேட்கிறார். காது வயதாகித் தேய்வதை ஊரில் எல்லோரும் பார்க்கிறோம். அதைப் பார்க்க முகாம் தேவையில்லை. ஒரே இரைச்சல் என்று நாம் பெயர் வைத்த ஒன்றுக்குள்ளே இருக்கும் ஏற்ற இறக்கத்தைப் பார்ப்பதற்குத்தான் உட்கார வேண்டியிருக்கிறது.

ஈரோடு பக்கம் அறச்சலூர் மலைக்குப் போயிருக்கிறீர்களா? அங்கே குகைப் பாறையில் தமிழ்ப் பிராமி எழுத்தில் இசைக்கான அசைகளை வெட்டி வைத்திருக்கிறார்கள். எழுத்து இன்றும் இருக்கிறது. அதைப் பாடிய குரல் அன்றே காற்றோடு போனது. மலைப்பக்கம் நின்று அதைப் பார்த்தபோது ஓசையின் இயல்பு எனக்கு முதல் தடவையாகக் கொஞ்சம் புரிந்தது.

சரி, எப்படி உட்காருவது? நீங்கள் பழகியது விபாசனா ஆசிரியர் கோயங்காவின் முறை. முதல் மூன்று நாள் மூச்சு, நாலாம் நாளிலிருந்து உச்சி முதல் பாதம் வரை உடலுணர்ச்சிகள். அதை மாற்ற வேண்டாம். ஓசையைப் பிடித்து அதிலேயே உட்கார்ந்துவிடவும் வேண்டாம். இரைச்சல் ஓங்கும்போது உடலில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். தாடை இறுகும். கழுத்தின் பின்பக்கம் விறைக்கும். நெஞ்சில் ஒரு சூடு. "இது எப்போது ஓயும்" என்ற நினைப்பு வரும்போதெல்லாம் அந்த இறுக்கமும் கூடவே வரும். உங்களை வாட்டுவதில் பெரும்பங்கு இந்த இறுக்கம்தான், இரைச்சல் அல்ல. இதைக் கொஞ்ச நேரம் விலகி நின்று பார்த்தால் அது தளர்வதும் மறுபடி ஏறுவதும் தெரியும். அப்புறம் ஒரு தடவை இரைச்சலையே பாருங்கள். இடது காதிலா, வலதிலா, நடுத்தலையிலா? ஒரே சுருதியா, இரண்டு மூன்று சேர்ந்ததா? ஊடை அறுந்ததைக் கண்டுபிடித்த அதே காதோடு கேளுங்கள். அப்புறம் பழையபடி உடலுக்குத் திரும்பிவிடுங்கள்.

ஓசை அடைத்த அறையில் உட்காராதீர்கள். ஃபேன் ஓடட்டும், ஜன்னல் திறந்திருக்கட்டும். தோட்டத்தில் உட்கார முடிந்தால் இன்னும் நல்லது. இதில் தியானத்துக்கு ஒரு குறையும் வராது. லண்டனில் 75 நோயாளிகளை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு விழிப்புநிலை தியானம் சேர்ந்த மனப்பயிற்சியும் மற்றதற்கு உடல் தளர்த்தும் பயிற்சியும் கொடுத்துப் பார்த்து 2017இல் முடிவை வெளியிட்டார்கள். இரண்டு குழுவுக்கும் பலன் இருந்தது. தியானக் குழுவில் காதிரைச்சலால் வரும் துன்பம் கூடுதலாகக் குறைந்திருந்தது. துன்பம் குறைந்தது என்கிறேன், கவனியுங்கள். சத்தத்தை அணைப்பது அந்தப் பயிற்சியின் நோக்கமே அல்ல.

இந்த இடத்தில் கோயங்காவின் கதையே உதவும். மண்டலேயில் பிறந்து பர்மாவில் வியாபாரம் செய்தவர். கடுமையான ஒற்றைத் தலைவலி. 1955இல் ஊ பா கின் என்ற பர்மியத் தியான ஆசிரியரிடம் போனார். தலைவலி தீருவதற்காக என்றால் இங்கே வராதே என்று அவர் திருப்பிவிட்டார். மனத்தைத் தூய்மை செய்வதற்கு வந்தால் சேர்த்துக்கொள்கிறேன் என்றார். தலைவலி பின்னால் போனது வேறு விஷயம். போக வேண்டும் என்று உட்கார்ந்திருந்தால், போயிற்றா போயிற்றா என்று நிமிடத்துக்கு ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்திருப்பார். நீங்கள் இரைச்சல் போக வேண்டும் என்று உட்கார்ந்தால் அதைக் காவல் காத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பீர்கள்.

மெஷின் போடுவது பற்றா? மணிமேகலைக் காப்பியம், ஒன்றைச் சார்ந்து அடுத்தது பிறக்கும் பௌத்தச் சார்புகளைத் தமிழில் வரிசைப்படுத்தும்போது புலன்களுக்கு "வாயில்" என்று பெயர் வைக்கிறது. அதற்குப் பின் ஊறு (தொடுகை), நுகர்வு, வேட்கை, பற்று. அந்த வரிசையைக் கவனித்தால் உங்கள் கேள்விக்குப் பதில் தெரியும். வாயிலுக்கும் பற்றுக்கும் நடுவில் மூன்று படி இருக்கிறது. தியானம் வேலை செய்யும் இடம் நுகர்வுக்கும் வேட்கைக்கும் நடுவில். வாயிலை அடைத்து வைப்பதால் வேட்கை போவதாக இருந்தால் பிறவியிலேயே காது கேளாதவர் எல்லோரும் முக்தி அடைந்திருக்க வேண்டும். கண்ணாடி போட்டுக்கொண்டு எனக்குக் கடிதம் எழுதினீர்கள். அதைப் பற்று என்று நீங்கள் நினைக்கவில்லை. காதுக்கு மட்டும் ஏன் வேறு நியாயம்?

உங்களை யோசிக்க வைத்தது ஒருவேளை சக்குபாலர் கதையாக இருக்கலாம். தம்மபத உரையில் முதல் பாட்டுக்கே வரும் கதை அது. மழைக்காலம் மூன்று மாதமும் படுப்பதில்லை என்று உறுதி எடுத்தவர். கண்நோய் வந்தது. மருத்துவர் மூக்கில் விட எண்ணெய் கொடுத்து, படுத்துக்கொண்டு விடச் சொன்னார். இவர் உட்கார்ந்தே விட்டார். மருந்து வேலை செய்யவில்லை. பார்வை போன அதே நேரத்தில், பற்றெல்லாம் அற்ற அருகத நிலையும் கிட்டியது என்கிறது உரை. பெரிய கதைதான். ஆனால் அவர் துறவி, அவர் எடுத்தது தனக்கான ஓர் உறுதி. எல்லாத் துறவிகளுக்கும் புத்தர் வைத்த நடைமுறை வேறு. துறவிகளின் ஒழுக்க நூலான விநயத்தில் மருந்துக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. கண்ணுக்கு மை, தலைவலிக்கு எண்ணெய், மூக்கில் விடும் மருந்து என்று ஒவ்வொன்றாக அனுமதித்துக்கொண்டே போகிறார்.

எனக்கு அதைவிட நெருக்கமான இடம் ஒன்று உண்டு. சாவத்தியில் ஒரு மாலை. வயதான புத்தர் மேற்கு வெயிலில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறார். சீடர் ஆனந்தர் கைகால் பிடித்துவிட்டுக்கொண்டே வருத்தப்படுகிறார். தோல் பழைய நிறத்தில் இல்லை, உடம்பெல்லாம் சுருக்கம், முதுகு வளைந்துவிட்டது, கண், காது, மூக்கு, நாக்கு, உடல் எல்லாப் புலனிலும் மாற்றம் தெரிகிறது என்கிறார். ஆமாம் ஆனந்தா, இளமையில் முதுமை இருக்கிறது என்று புத்தர் ஒத்துக்கொள்கிறார். ஒத்துக்கொள்கிறாரே தவிர, ஆனந்தரைக் கையை எடுக்கச் சொல்லவில்லை. வெயிலிலிருந்து எழுந்து போகவும் இல்லை. நோயாளிகளுக்கு இந்த இடத்தை நான் அடிக்கடி சொல்வேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். என் அப்பாவைப் பற்றி. காங்கேயம் பக்கம் விவசாயம். இருட்டில் மணிச் சத்தத்தை வைத்தே எந்த மாடு வருகிறது என்று சொல்லிவிடுவார். எழுபதுக்கு மேல் காது மந்தமாயிற்று. மெஷின் வேண்டாம் என்றுவிட்டார். கடைசி ஏழெட்டு வருடம் திண்ணையில் உட்கார்ந்து எல்லோரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தார். கோபம் இல்லை, கேள்வி இல்லை. எவ்வளவு பக்குவம் என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். காது மருத்துவனான நானும் அப்படித்தான் நம்பினேன். அவருக்கு எதுவும் கேட்கவில்லை, கேட்காததைக் காட்டிக்கொள்ளக் கூச்சம், அதனால் சிரித்தார் என்பது அவர் போன பிறகு அம்மா சொல்லித்தான் தெரிந்தது. "அவரு மனசுல இருந்ததைப் பேசி வருசமாச்சு கண்ணு" என்றார் அம்மா. அந்த வாக்கியம் இன்னும் என்னை விடவில்லை. சமநிலையும் செவிட்டுத்தன்மையும் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும். உள்ளே இருப்பது உங்களுக்குத்தான் தெரியும். உங்கள் வீட்டு அம்மா அப்படிக் கேட்கிறார்கள் என்றால், அவர்களுக்கு ஏதோ தெரிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

முகாமில் பத்தாம் நாள் மௌனம் கலைந்து மைத்ரி, அதாவது எல்லோரிடமும் அன்பு பாராட்டுவது, சொல்லிக்கொடுத்திருப்பார்கள். அதற்கு முதல் ஆள் அவங்கதான். டிவியை நிறுத்திவிட்டு, அவர்கள் முகத்தில் வெளிச்சம் படும்படி எதிரே உட்கார்ந்து, மெஷினும் போட்டுக்கொண்டு தினம் அரை மணி நேரம் அவர்கள் பேசுவதைக் கேளுங்கள்.

மெஷினைப் பற்றி. எந்த ஓசை எவ்வளவு கேட்கிறது என்று சோதிக்கும் ஆடியோகிராம் எடுத்து, அதற்கேற்ப அளந்து வைத்ததா என்று நீங்கள் எழுதவில்லை. பையன் அன்பில் நேரே கடையிலோ ஆன்லைனிலோ வாங்கியிருந்தால், அது எல்லாச் சத்தத்தையும் ஒரே மாதிரி கூட்டிவிடும். உங்களுக்கு வேண்டியது மேல் அதிர்வெண் மட்டும். முதலில் சோதனை செய்துகொள்ளுங்கள், கோவையிலேயே வசதி இருக்கிறது. சரியாக வைத்த மெஷினும் முதல் இரண்டு மூன்று வாரம் தொந்தரவாகத்தான் இருக்கும். பாத்திரச் சத்தம் குத்தும், உங்கள் குரலே அந்நியமாகக் கேட்கும். மூளை பழக வேண்டும். முதல் நாள் இரண்டு மணி நேரம், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். வெளி ஓசை திரும்ப வரும்போது பலருக்கு இரைச்சலின் தொந்தரவும் அடங்குகிறது.

இரைச்சல் ஒரு காதில் மட்டும் கேட்டாலோ, நாடித்துடிப்போடு சேர்ந்து அடித்தாலோ, தலைசுற்றல் வந்தாலோ தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பாருங்கள். திடீரென்று ஒரு காது அடைத்துக் கேட்காமல் போனால் அன்றைக்கே போக வேண்டும், மருந்துக்குப் பலன் கிடைக்கும் காலம் குறைவு. இரைச்சலால் தூக்கம் கெட்டு மனம் சோர்ந்தால் அதையும் மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். உட்கார்ந்தே சமாளித்துவிடலாம் என்று இருக்காதீர்கள்.

உங்கள் மயிரணுக்கள் போனவை போனவைதான். ஆனால் இந்த நேரம் உங்கள் குடோனில் உங்கள் பையனும் தறிக்காரர்களும் அதே சத்தத்தில் நிற்கிறார்கள். அவர்களுடையது இன்னும் மிச்சம் இருக்கிறது. பஞ்சு வைத்தால் போதாது, அதில் சத்தம் நிற்காது. காதுக்குள் அமுக்கி வைக்கும் நுரை அடைப்பான்கள் சில ரூபாயில் கிடைக்கின்றன. வாங்கிக் கொடுப்பதோடு விடாமல், எப்படி உருட்டி உள்ளே வைப்பது என்று நீங்களே ஒவ்வொருவருக்கும் காட்டுங்கள். 36 வருடம் நின்ற ஒருவர் சொன்னால் கேட்பார்கள். நான் வந்து சொன்னால் தலையாட்டிவிட்டுக் கழற்றி வைத்துவிடுவார்கள்.

மெஷின் பழகி ஒரு மாதம் ஆனதும், பேத்தி இருந்தால் அவளைப் பின்னால் நின்று மெதுவாகக் கூப்பிடச் சொல்லுங்கள். அந்த "ச்சி" கேட்கிறதா என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் மருத்துவர்